நாப்போலியிலிருந்து அக்காவுக்கு: வைத்தியர் மொஸ்காத்தியைப் பற்றி

நாப்போலி, இத்தாலி
16.11.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அங்கே எல்லாரும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். மறைக்கல்விப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்குப் புனித ஜுசெப்பே மொஸ்காத்தியைப் பற்றி எழுதி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். அதே கடிதத்தின் கடைசியில் அம்மாவுக்குக் கிளினிக்கில் இன்சுலின் தொடங்கிவிட்டார்கள் என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். இரண்டும் சேர்ந்த விஷயம்தான், கீழே சொல்கிறேன். இன்று இங்கே அவருடைய திருநாள். பூசை முடிந்து வந்த கையோடு எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். பிள்ளைகளிடம் அவரைக் குருவானவர் என்று சொல்லிவிடாதீர்கள். கலியாணம் கட்டவில்லை, ஆனால் எந்தச் சபையிலும் சேரவுமில்லை. கடைசிவரை பொதுநிலையினராகவே இருந்தார். படங்களில் அவர் போட்டிருக்கும் வெள்ளை அங்கி ஆஸ்பத்திரி அங்கி.

பிறந்தது 1880 ஜூலை 25, பெனவெந்தோ என்ற ஊரில். ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது. தகப்பன் நீதிபதி. நாலு வயதில் குடும்பம் நாப்போலிக்கு வந்துவிட்டது. தமையன் அல்பெர்த்தோ இராணுவத்தில் இருந்தபோது குதிரையால் விழுந்து தலையில் அடிபட்டு, அதன்பின் வலிப்பு வருத்தக்காரராகிவிட்டார். அவருடைய கட்டிலருகே இருந்து பார்த்துத்தான் ஜுசெப்பே வளர்ந்தார். 1897இல் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார், அதே வருடம் தகப்பன் மூளையில் இரத்தம் கசிந்து இறந்துபோனார். 1903 ஓகஸ்ட் 4இல் பட்டம். ஆய்வுக்கு எடுத்தது ஈரலில் யூரியா எப்படி உண்டாகிறது என்ற கேள்வி. சின்னப் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று விட்டுவிடாதீர்கள், அக்கா. இரக்கமுள்ள மனிதர் என்று மட்டும் சொன்னால் பாதி மொஸ்காத்திதான் வரும். அவர் உடலின் இரசாயனத்தைத் தெளிவாகக் கற்றவர். ஏழைக்கு அவர் கொடுத்த முதல் தானம் சரியான நோயறிதல். காசு அதற்குப் பிறகுதான்.

வேலை செய்த இடம் இன்குராபிலி. ‘தீராத நோயாளர்’ என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் மரியா லோங்கோ என்ற அம்மையார் தொடங்கிய பழைய ஆஸ்பத்திரி. நம்மவர்களும் சிங்களவர்களும் கடை போட்டிருக்கிற பியாத்சா காவூர் சதுக்கத்தில் நின்று பார்த்தால் மேலே தெரிகிற மேட்டில்தான் இருக்கிறது. நீர்கொழும்பு, வென்னப்புவ, சிலாபம் பக்கத்துச் சனம் இந்தப் பகுதியில் நிறைய. அவர்களில் பலர் பூசைக்கு வரும்போது மொஸ்காத்தியிடமும் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் போவார்கள்.

1906 ஏப்ரலில் வெசூவியஸ் எரிமலை வெடித்தது. மலையடிவாரத்துத் தோரே தெல் கிரேகோவில் இன்குராபிலியின் கிளை ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. உள்ளே இருந்தவர்கள் வயோதிபரும் பாரிசவாதக்காரரும், தாங்களாக எழும்பி நடக்க முடியாதவர்கள். எரிமலை என்றால் நெருப்புக் குழம்புதான் ஆளைக் கொல்லும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அந்த முறை நிறையப் பேரைக் கொன்றது சாம்பல். சாம்பலும் சிறு கற்களும் கூரைமேல் படியப் படியப் பாரம் ஏறும், ஈரம் பட்டால் இன்னும் கூடும், கடைசியில் வளை முறிந்து கூரை அப்படியே உள்ளே விழும். சன் ஜுசெப்பே வெசுவியானோவில் கோவிலுக்குள் ஒதுங்கியவர்கள்மேல் கூரை விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மொஸ்காத்தி கூரையின் நிலையைப் பார்த்ததும் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. தானும் கைகொடுத்து எல்லாரையும் வெளியே எடுத்தார். கடைசி ஆளும் வெளியேறிய கொஞ்ச நேரத்தில் கூரை இறங்கிவிட்டது. பிறகு மேலதிகாரிக்குக் கடிதம் எழுதி, உதவிய ஊழியர்களுக்கு வெகுமதி கொடுக்கச் சொன்னார், தன் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 25.

அவருடைய வீடு ‘சிஸ்தெர்னா தெல் ஒலியோ’ தெருவில் 10ஆம் இலக்கம். எண்ணெய்த் தொட்டித் தெரு என்று அர்த்தம். காலையில் பூசை, பிறகு ஆஸ்பத்திரி, பின்னேரம் வீட்டில் வருத்தக்காரரைப் பார்ப்பது, இடையில் ‘பாஸ்ஸோ’ வீடுகளுக்கு நடை. பாஸ்ஸோ என்றால் தெருவோடு ஒட்டிய ஒரே அறை வீடு, கதவைத் திறந்தால்தான் வெளிச்சமும் காற்றும். முழுக் குடும்பமும் அதற்குள். காசநோய் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கும் தொற்ற வேறெதுவும் தேவையில்லை.

வீட்டுக் காத்திருப்பு அறையில் தொப்பி ஒன்று வைத்திருப்பாராம். இருப்பவர் போடலாம், இல்லாதவர் எடுக்கலாம். யார் போட்டது, யார் எடுத்தது என்று பார்க்க ஆளில்லை. அந்தத் தொப்பி இன்றும் அவருடைய கல்லறை இருக்கிற ஜெசு நுவோவோ கோவிலின் காட்சியறையில் இருக்கிறது. வறியவர்களிடம் காசு வாங்கமாட்டார். மருந்துச் சீட்டை மடித்துக் கொடுக்கும்போது உள்ளே நோட்டு ஒன்றை வைத்துவிடுவார். இதை வெறும் தர்மம் என்று நான் நினைக்கவில்லை, அக்கா. மருந்து வாங்க வழியில்லாதவனுக்கு எழுதிய சீட்டு வெறும் கடதாசிதான், நோய் அங்கேயே நிற்கும். வைத்தியம் முடிய வேண்டுமானால் காசும் அதில் ஒரு பாகம் என்று அவர் கணக்குப் போட்டார். தினமும் பார்க்க வேண்டிய ஏழைக் கிழவர் ஒருவரைக் காலையில் ஒரு கோப்பிக் கடையில் வந்திருக்கச் சொல்லி, பாலுக்கும் பிஸ்கட்டுக்கும் தான் காசு கட்டினாராம். போகிற வழியில் முகத்தைப் பார்த்துக்கொள்வார். கிழவர் வராத நாளில் வீடு தேடிப் போவார். நோயாளிக்குச் சத்தும் ஏறியது, மேற்பார்வையும் நடந்தது.

முதலாம் உலகப் போரில் அவர் பார்த்த காயக்காரச் சிப்பாய்கள் ஏறக்குறைய 3000 பேர். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி கைக்கெட்டிய தூரத்தில் வந்தும் ஆஸ்பத்திரியை விட்டுப் போகவில்லை. 1919இல் அங்கே ஆண்கள் வார்டின் தலைமை வைத்தியரானார். பிரேதப் பரிசோதனை அறையில் ஒரு சிலுவையை மாட்டி, கீழே வேதாகமத்தின் ஓசேயா ஆகமத்து வசனத்தை இலத்தீனில் எழுதுவித்தார்: சாவே, நான் உனக்குச் சாவாவேன்.

இப்போது அம்மா விஷயம். மொஸ்காத்தியின் தாயார் 1914இல் நீரிழிவால் இறந்தார். அந்தக் காலத்தில் அதற்கு இருந்த ஒரே வழி சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, ஏறக்குறையப் பட்டினி போட்டு, ஆளைக் கொஞ்ச நாள் இழுத்து வைப்பது. இன்சுலின் கனடாவின் டொரொண்டோவில் கண்டுபிடிக்கப்பட்டு, முதல் நோயாளிக்கு ஏற்றப்பட்டது 1922 ஜனவரியில். தாயார் போய் ஏழு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இத்தாலியில் இன்சுலினை முதலில் கையில் எடுத்த வைத்தியர்களில் மொஸ்காத்தியும் ஒருவர். தன் தாய்க்குக் கிடைக்காத மருந்தை மற்றவர்களின் தாய்மாருக்கு ஏற்றினார். அந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஆகவே அம்மா ‘ஊசி வேண்டாம், நவநாள் (ஒன்பது நாள் செபம்) போதும்’ என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள். நான் இங்கே வயோதிபரைப் பராமரிக்கிற வேலையில் கவனித்தவற்றையும் எழுதுகிறேன். கலங்கல் இன்சுலின் என்றால் போத்தலைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கிடையில் மெதுவாக உருட்டி, ஒரே சீராகப் பால் நிறம் வந்த பிறகே எடுக்க வேண்டும். சரியாகக் கலக்காவிட்டால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். வயிற்றில் ஒரே இடத்தில் குத்தாமல் ஒரு விரலகலம் தள்ளித் தள்ளிக் குத்துங்கள், இல்லாவிட்டால் கட்டி விழுந்து மருந்து ஒழுங்காக இழுபடாது. குளிர்சாதனப் பெட்டியில் உறைபெட்டிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, உறைந்தால் அது மருந்தில்லை. மன்னார் வெயிலில் கரண்ட் நின்றால் போத்தலைத் தண்ணீர் படாதபடி மூடி, ஈரமான மண்சட்டிக்குள் நிழலில் வையுங்கள். ஊசி போட்டபின் சாப்பாடு பிந்தி, அம்மாவுக்கு வேர்த்து, கை நடுங்கினால் உடனே மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மொஸ்காத்தி இறந்தது 1927 ஏப்ரல் 12, பெரிய வாரத்துச் செவ்வாய். காலையில் பூசை கண்டு, ஆஸ்பத்திரியில் வார்டு சுற்றி, வீட்டில் வருத்தக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பிற்பகல் மூன்று மணியளவில் கதிரையில் சாய்ந்தார். வயது 46. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எழுதும் புத்தகத்தில், ஏழை நோயாளிகள் எல்லாவற்றையும் இழந்துவிட்டார்கள் என்று ஒரு முதியவர் எழுதினார். வீட்டை நடத்தி, அவருடைய தர்மத்துக்கெல்லாம் துணைநின்றவர் தமக்கை நினா. தம்பியின் உடுப்பு, தளபாடம், கருவிகளைக் கோவிலுக்குக் கொடுத்ததும் அவர்தான். அவரைப் பிள்ளைகளுக்கு மறக்காமல் சொல்லுங்கள்.

உடலை 1930 நவம்பர் 16இல் ஜெசு நுவோவோ கோவிலுக்குக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் இன்று திருநாள். 1975இல் இதே திகதியில், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம், 1987 அக்டோபர் 25இல் புனிதர் பட்டம். கல்லறைப் பீடத்துக்குப் பக்கத்தில் அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது. உடம்பெல்லாம் கறுத்திருக்க, கை மட்டும் சனம் தொட்டுத் தொட்டுப் பொன்போல் மின்னுகிறது. போன மாதம் 19ஆம் திகதி உரோமையில் புனிதராக்கப்பட்ட, பொம்பேய் மாதா கோவிலைக் கட்டிய பர்த்தோலோ லோங்கோவுக்கும் கடைசிக் காலத்தில் வைத்தியர் மொஸ்காத்திதான். அதே நாளில் வெனிசுவேலாவின் ஏழைகளின் வைத்தியர் ஹொசே கிரெகோரியோவையும் புனிதராக்கினார்கள்.

கடித உறையில் ஆறு படங்கள் வைத்திருக்கிறேன். ஐந்து பிள்ளைகளுக்கு. சிலையின் கையில் வைத்து எடுத்த படம் அம்மாவுக்கு. அதை ஊசிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். அம்மாவின் இரத்தச் சீனியை அளந்து எழுதும் கொப்பியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், காலைக் கணக்கும் இரவுக் கணக்கும் தனித்தனியாகத் தெரியட்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி