வாகனக் காப்புறுதி வட்டியிலிருந்து நம் குடும்பங்களை மீட்க: பிரித்தானியத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், ஊர் ஒன்றியங்கள், பழைய மாணவர் சங்கங்கள் ஆகியவற்றின் மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வாகனக் காப்புறுதியின் ஆண்டுத் தொகையை ஒரேயடியாகக் கட்ட முடியாமல், மாதத் தவணையில் கட்டிவரும் குடும்பங்கள் நம் ஒவ்வொரு சங்கத்திலும் இருக்கின்றன. அவர்கள் ஆண்டுதோறும் செலுத்தும் வட்டியில் பெரும்பகுதியைத் தவிர்க்க உங்களால் உதவ முடியும் என்று நம்புவதால் இம்மடலை எழுதுகிறேன்.

மாதத் தவணையைத் தொலைபேசிக் கட்டணம் போன்ற ஒன்றாகவே நம்மவர்களில் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒரு கடன். காப்புறுதி நிறுவனமோ அதனோடு இணைந்த நிதி நிறுவனமோ ஆண்டுத் தொகையை உங்கள் பெயரில் கடனாகப் பதிந்துகொள்கிறது. அதை நீங்கள் டைரக்ட் டெபிட் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் கழியும் முறை) வழியாக வட்டியோடு திருப்பிச் செலுத்துகிறீர்கள். ஆண்டுக் காப்புறுதி 1,200 பவுண்ட் என்று கொள்வோம். முதல் மாதம் 100 பவுண்டைக் கட்டிவிட்டு, எஞ்சிய 1,100 பவுண்டை 11 தவணைகளில், 25 விழுக்காடு ஏ.பி.ஆர். (கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிடும் ஆண்டு வட்டி வீதம்) வட்டியில் செலுத்தினால், ஒவ்வொரு தவணையும் ஏறத்தாழ 111 பவுண்ட் 60 பென்ஸ் ஆகும். ஆண்டு முடிவில் வட்டியாக மட்டும் 128 பவுண்ட் அளவில் போயிருக்கும். வீட்டில் இரண்டு வாகனங்கள் இருந்தால் இதை இரட்டிப்பாக்கிப் பாருங்கள்.

இங்கே ஒன்றை உறுப்பினர்களுக்குப் பொறுமையாக விளக்க வேண்டும். 1,100 பவுண்டுக்கு 128 பவுண்ட் என்றால் 11.6 விழுக்காடுதானே, அது பெரிய வட்டி அல்லவே என்று தோன்றும். ஆனால் அந்த 1,100 பவுண்ட் ஆண்டு முழுவதும் உங்கள் கையில் இருப்பதில்லை. மாதந்தோறும் அசலும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாகப் பார்த்தால் அதில் ஏறக்குறைய பாதித் தொகையைத்தான் நீங்கள் கடனாக வைத்திருக்கிறீர்கள். ஆகவே உண்மையான வட்டி ஏறக்குறைய இரு மடங்காகிறது. விலைப்பட்டியலில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், ஏ.பி.ஆர். என்ற எண்ணையும், 'செலுத்த வேண்டிய மொத்தத் தொகை' என்ற வரியையும் பார்க்கச் சொல்லுங்கள். மாதத் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்று வலியுறுத்துங்கள்.

பிரித்தானிய நிதி நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் நிதி நடத்தை அதிகாரசபையான எஃப்.சி.ஏ. 2024 ஒக்டோபரில் இந்தத் தவணைக் கடன் சந்தையை ஆய்வு செய்யத் தொடங்கியது. 20 முதல் 30 விழுக்காடு வரையான ஏ.பி.ஆர். இச்சந்தையில் வழக்கமாகவே காணப்படுகிறது. ஆனாலும், 2025 ஜூலையில் வெளியான இடைக்கால அறிக்கையில் வட்டிக்கு உச்சவரம்பு விதிப்பதை அதிகாரசபை பரிந்துரைக்கவில்லை. தவணை தவறுவோரால் ஏற்படும் இழப்பையும் நிர்வாகச் செலவையும் நிறுவனங்கள் காரணமாகக் காட்டுகின்றன. தவணை நின்றால் காப்புறுதியையே நிறுத்திவிடும் உரிமை உள்ளவருக்கு மற்றக் கடன் கொடுப்போரை விட ஆபத்து குறைவு என்பதால், இந்த விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. தவணைக்கு வட்டியே வாங்காத காப்புறுதி நிறுவனங்களும் இந்நாட்டில் இருப்பது என் ஐயத்தை வலுப்படுத்துகிறது. ஆயினும் சட்டம் மாறும் வரை நம் குடும்பங்களால் காத்திருக்க இயலாது.

வட்டியை விடவும் கவலை தருவது, தவணை தவறும்போது நிகழ்வது. வங்கிக் கணக்கில் பணம் போதாமல் டைரக்ட் டெபிட் திரும்பினால், அறிவித்தல் தந்தபின் நிறுவனம் காப்புறுதியை ரத்துச் செய்யலாம். 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டப்படி காப்புறுதியின்றி வாகனம் ஓட்டுவது குற்றம்: 300 பவுண்ட் தண்டமும் உரிமத்தில் 6 தண்டப் புள்ளிகளும் விதிக்கப்படலாம், வாகனத்தைப் பொலிசார் கைப்பற்றலாம். உரிமம் பெற்று 2 ஆண்டுகள் நிறைவடையாத இளைஞருக்கு 6 புள்ளிகள் என்றால் உரிமமே பறிபோகும். அத்தோடும் முடிவதில்லை. முன்பு ஒரு நிறுவனம் காப்புறுதியை ரத்துச் செய்ததா என்று பின்னர் கேட்கப்படும்போது உண்மையைச் சொல்லியாக வேண்டும். அதன்பின் கிடைக்கும் விலை கடுமையாக இருக்கும். ஆண்டின் நடுவில் காப்புறுதி நின்றுபோனால், அந்த ஆண்டுக்கான நோ கிளெயிம் போனஸும் (இழப்பீடு கோராதவருக்குக் கிடைக்கும் விலைக்குறைப்பு) சேராது. இழப்பீடு கோரியபின் தவணையை நிறுத்திவிடலாம் என்று நினைப்போரும் உண்டு. அப்போது ஆண்டின் எஞ்சிய தொகை முழுவதையும் கட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒரு குடும்பம் மாதத் தவணையிலிருந்து ஆண்டுத் தொகைக்கு மாறுவதற்கு உண்மையான தடை முதல் ஆண்டு மட்டுமே. ஒருமுறை முழுத் தொகையைக் கட்டிவிட்டால், அதன்பின் தவணைக்குப் போன பணத்தையே மாதந்தோறும் ஒரு தனிச் சேமிப்புக் கணக்கில் இட்டுவர, அடுத்த புதுப்பித்தல் நாளில் தொகை தயாராக இருக்கும். அந்த முதல் ஆண்டைக் கடக்க ஒரு பாலம் தேவை.

அந்தப் பாலம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. சீட்டுப் பிடிப்பது நம் வீடுகளில் தலைமுறைகளாக இருந்துவரும் பழக்கம். காப்புறுதியைப் புதுப்பிக்கும் மாதம் ஒவ்வொருவருக்கும் வேறாக உள்ள 12 உறுப்பினர்களை ஒரு சங்கம் ஒன்றுசேர்த்து, ஆளுக்கு மாதம் 100 பவுண்ட் என்று கழிவில்லாத (எடுப்பவரின் தொகையில் எதையும் குறைக்காத) சீட்டு ஒன்றை நடத்தினால், ஒவ்வொருவரும் தம் புதுப்பித்தல் மாதத்தில் 1,200 பவுண்டைப் பெற்று ஆண்டுத் தொகையை முழுமையாகக் கட்டிவிடலாம். முதலில் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன். கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. அதிகக் கழிவுக்கு ஒப்புக்கொள்பவரே பணத்தை எடுக்கும் ஏலச் சீட்டு இதற்கு உதவாது என்பதையும் கூறியாக வேண்டும். அவசரத்தில் அதிகக் கழிவுக்கு எடுப்பவர், காப்புறுதி நிறுவனத்துக்குக் கொடுத்திருக்க வேண்டிய வட்டியைச் சீட்டில் இருப்பவர்களுக்குக் கொடுப்பார், அவ்வளவுதான்.

சீட்டுக் காசோடு நடத்துநர் மறைந்த கதைகளை நாம் எல்லோரும் அறிவோம். பணத்தை முதலில் எடுத்தவர் பின்னர் கட்டாமல் விட்ட கதைகளும் உண்டு. இதனால்தான் இதைத் தனியார் எவரிடமும் விடாமல் சங்கமே மேற்பார்வை செய்ய வேண்டுகிறேன். இரண்டு பேர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு, ஒவ்வோர் உறுப்பினருக்கும் எழுத்து வடிவிலான உடன்பாடு, முந்திய மாதங்களை நன்கு அறியப்பட்டவர்களுக்கு ஒதுக்குவது ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள். சங்கம் தன் நிதியிலிருந்தே கடன் கொடுக்க விரும்பினால், கடன் வழங்குவது இந்நாட்டில் ஒழுங்குமுறைக்கு உட்பட்டது என்பதாலும், தொண்டமைப்பின் யாப்பு (அமைப்பு விதிகள்) அதற்கு இடமளிக்க வேண்டும் என்பதாலும், முதலில் சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசனை பெறுங்கள். உள்ளூர்க் கிரெடிட் யூனியனோடு (உறுப்பினர்களே உரிமையாளர்களான கூட்டுறவுச் சேமிப்பு, கடன் அமைப்பு) சேர்ந்து செயற்படுவது இதைவிட எளிதாகலாம், அங்கும் ஏ.பி.ஆர். எவ்வளவு என்று பார்த்து ஒப்பிட்ட பின்பே உறுப்பினர்களை அனுப்புங்கள்.

எல்லோரும் ஆண்டுத் தொகையே கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாடகைக்கு வைத்த பணத்தை எடுத்துக் காப்புறுதியைக் கட்டிவிட்டு, வாடகைக்கு அதிக வட்டிக் கடன் வாங்குபவருக்கு மாதத் தவணையே மேல். வட்டியில்லாத் தவணை கிடைப்பவர் அதை விட்டுவிட வேண்டியதில்லை. ஊரிலிருந்து புதிதாக வந்து, இங்கு கடன் வரலாறு இல்லாதவர்களுக்குத் தவணை மறுக்கப்படவும் கூடும். மலிவாக முடித்துத் தருவதாகக் கூறும் போலித் தரகர்களிடம் அவர்கள் சிக்கிவிடாமல், வாகனம் உண்மையிலேயே காப்புறுதி செய்யப்பட்டுள்ளதா என்று காப்புறுதி செய்யப்பட்ட வாகனங்களின் பதிவேடான மோட்டார் காப்புறுதித் தரவுத்தளத்தில் சரிபார்க்க உதவுங்கள்.

அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு விடயமாகச் சேர்த்து, 12 பேர் கொண்ட முதற் குழுவை ஒரு சங்கமாவது இவ்வாண்டிலேயே தொடங்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கணக்கு விளக்கத்தைத் தமிழில் ஒரு பக்கத் தாளாகத் தயாரித்துத் தரவும், கூட்டத்துக்கு வந்து விளக்கவும் நான் ஆயத்தமாக உள்ளேன்.

இவ்வண்ணம்,
இலண்டனில் வசிக்கும் ஓர் ஊர் ஒன்றிய உறுப்பினர்