ஒரு தடவை கூப்பிடு தாயி

அன்பு மகள் மீனாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்புகிற மெசேஜ் எல்லாம் வருகிறது. ‘பிராக்டிஸ் இருக்கு’, ‘டயர்டா இருக்கு’, ‘அப்புறம் பேசறேன்’. கூப்பிட்டால்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய். சித்திரைத் திருவிழாவுக்கு வந்தபோதே உனக்குக் குரல் கட்டியிருந்தது. தொண்டைக்கட்டு என்று சொன்னாய். உங்கம்மாவும் நம்பிச் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் கொடுத்தாள். தொண்டைக்கட்டு என்றால் பத்து நாளில் சரியாகிவிட வேண்டும். ஆகிவிட்டதா?

பேப்பரில் வந்த உன் படத்தைக் கடை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் மருந்து வாங்கும்போது யார் இது என்று கேட்கிறார்கள். என் மகள், 400 மீட்டர் ஓடுகிறாள் என்று சொல்லும்போது தொண்டை அடைக்கிறது. போன வாரம் மாஸ்டரும் வந்தார். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் உன்னை வெறுங்காலோடு ஓட விட்டு விசில் ஊதியவர், அந்தப் படத்தைப் பார்த்துத் துள்ளுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை நெற்றியில் தூக்கி விட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “போன வருஷம் 56 செகண்டுல நின்ன பிள்ளை” என்றார். அவ்வளவுதான். டீ வாங்கி வரச் சொன்னேன், குடிக்காமலே போய்விட்டார்.

மருந்து விஷயத்தில் கவனமாக இரு. சாதாரண இருமல் மருந்திலேயே டெர்பூடாலின் இருக்கும், நாங்கள் தினமும் விற்கிறோம். அதுவே உங்களுக்குத் தடை. ஊக்கமருந்தைப் பிடிக்கிற நாடா (NADA) அமைப்புக்காரர்கள் மருந்தின் பெயரைப் போட்டுப் பார்க்க ஒரு ஆப் வைத்திருக்கிறார்கள், அதில் பார்க்காமல் எதையும் விழுங்காதே. பெயரில்லாத மாத்திரையைத் தொடாதே. லேபிள் கிழித்த குப்பியை யார் நீட்டினாலும் தொடாதே. எவ்வளவு பெரிய கோச்சாக இருந்தாலும் சரி.

இங்கே ஜிம் பையன்கள் டாக்டர் சீட்டு இல்லாமல் நான்ட்ரோலோன் என்கிற ஸ்டீராய்டு ஊசி கேட்டு வருகிறார்கள். நான் கொடுப்பதில்லை. எலும்பு தேய்ந்த வயசாளிகளுக்கும் கிட்னி போய் ரத்தம் குறைந்தவர்களுக்கும் டாக்டர் எழுதுகிற மருந்து அது. எண்ணெயில் கரைத்த மருந்து, சதைக்குள் தங்கி மெதுவாகத்தான் ரத்தத்தில் கலக்கும். மாதக்கணக்கில் சிறுநீரில் காட்டிக்கொடுக்கும். பெண் பிள்ளைகளுக்கு அது என்னென்ன செய்யும் என்று டாக்டர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். முகத்தில் முடி வரும். மாதவிலக்கு நின்றுபோகும். குரல் தடித்துவிட்டால், ஊசியை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாமல் போகலாம். இதையெல்லாம் ஒரு அப்பன் மகளுக்கு எழுதக் கூடாதுதான். உங்கம்மா கேட்க வேண்டியதை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ கிளம்புகிற அன்று ஈரத் துண்டை எடுக்க உன் பையைத் தட்டியது நான்தான், உங்கம்மா இல்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பாட்டிக்குக் கண் ஆபரேஷன் அரவிந்தில் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் உன் படத்தைத்தான் கேட்டாள். தம்பி பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான்.

1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்டது உனக்கு மனப்பாடம். சின்ன வயதில் நீயே எனக்கு அதை நடித்துக் காட்டியிருக்கிறாய். அடுத்த வருஷம் ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் அவர் ஐந்து தங்கம் வாங்கினார். தோற்றுவந்த பிள்ளையைத் திரும்பவும் டிராக்கில் இறக்கிப் பழக்கிய நம்பியார் மாதிரி ஒரு கோச் உனக்கு அமைய வேண்டும் என்றுதான் நான் மீனாட்சியிடம் கேட்டேன். நம் சக்கிமங்கலத்து ரேவதியைப் பார். அப்பா அம்மா இல்லாமல் பாட்டி வளர்த்த பிள்ளை. டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர்கள் தொடர் ஓட்ட அணி முதல் சுற்றோடு வந்துவிட்டது. அதனால் இந்த ஊரில் அவருக்கு மதிப்புக் குறைந்ததா? நீ 56-லேயே ஓடினாலும் உன் படம் அந்தக் கண்ணாடியில்தான் இருந்திருக்கும். இதை உனக்குத் தனியாக எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு வருத்தம். ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுக்கிறவன் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மீனா?

எல்லோரும் போடுகிறார்கள், பயப்படாதே என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். மாட்டினால் அவர்கள் வந்து நிற்க மாட்டார்கள். எனக்குத் தெரியாது, கோச் கொடுத்தார் என்பதெல்லாம் அங்கே செல்லாது. உன் உடம்பில் இருந்தால் பொறுப்பு உன்னுடையது. ஸ்டீராய்டுக்குப் பொதுவாக நான்கு வருஷம் தடை. சோதனைக்கு எடுத்த சிறுநீர் மாதிரியைப் பத்து வருஷம் வரை வைத்திருந்து திரும்பச் சோதிக்கலாம். ஆனால் சோதனைக்குக் கூப்பிடும் முன் தானாகப் போய் ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைக்க விதியில் இடம் இருக்கிறது. ஊசி போட்டு விட்டவருக்கும் நான்கு வருஷம் முதல் ஆயுள் வரை தடை உண்டு. யாருக்கோ வந்தால் என்ன வழி என்று விசாரித்து வைத்தேன்.

பெயரில்லாத எதையும் தொடாதே என்று மறுபடியும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு கடையை அடைத்துவிடுவேன். மூன்று மணிக்கு மேல் கூப்பிடு. மெசேஜ் போடாதே, கூப்பிடு. குரல் எப்படி இருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. அம்மா பக்கத்தில் இருந்தால் ரயில்வே வேலை பற்றிப் பேச ஆரம்பி, நான் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறேன். டிக்கெட்டுக்குப் பணம் உன் கணக்கில் போட்டிருக்கிறேன். அடுத்த போட்டிக்கு முன்னாலேயே கிளம்பி வா. ஹார்மோன் டாக்டர் ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறேன், உன் பெயரைச் சொல்லவில்லை. வரும்போது பையில் இருக்கிற மருந்தையெல்லாம் அப்படியே கொண்டு வா, வழியில் எதையும் தூக்கிப் போட்டுவிடாதே. என்ன போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா