பாப்பாவுக்கு, அந்த ரௌட்டர் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பின்பக்கச் சுவரைத் தம்பி பூசி முடித்துவிட்டான். மற்றதெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள், நீ எடுத்திருந்தால்.

நான் எழுத வந்தது உன் வீட்டு வைஃபை பெட்டியைப் பற்றி. ஹாலில் டிவிக்கு மேலே இருக்கிறதே, அதுதான். அதன் பாஸ்வேர்டை மாற்றினாயா? மாற்றவில்லை என்றால் இந்த வாரமே மாற்று.

அதில் பாஸ்வேர்டு இரண்டு உண்டு. ஒன்று, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வோமே, அது. இன்னொன்று பெட்டிக்குள்ளேயே போவதற்கு, அட்மின் பாஸ்வேர்டு. எல்லாரும் முதலாவதை மாற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுகிறார்கள். இரண்டாவதுதான் முக்கியம். இப்போது வருகிற பல பெட்டிகளை செல்போன் செயலியிலிருந்தே இயக்கலாம். அந்தச் செயலி யார் போனில் இருக்கிறதோ அவர் வேறு ஊரில் இருந்துகொண்டே உள்ளே போக முடியும். எந்த போன், எந்த லேப்டாப் எப்போது சேர்ந்தது, எப்போது விலகியது என்று பார்க்க முடியும். நீ வீட்டில் இருக்கிறாயா, எத்தனை மணிக்கு வந்தாய், கூட யாராவது இருக்கிறார்களா என்பதுவரை ஊகிக்கலாம்.

அந்தப் பெட்டியை எந்த ஈமெயிலில் பதிந்து வைத்தார்கள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் யாரையும் தப்பாகப் பேசவில்லை. பெட்டியை மாட்டியவர் கையில் சாவி இருக்கும், அவ்வளவுதான் சொல்கிறேன்.

டெலிபோன்ஸில் இருந்தவன் நான். தெருவில் வீடுகளுக்கு லைன் பிரிகிற டி.பி. பாக்ஸைத் திறந்து போட்டுவிட்டு வந்த லைன்மேனை ஒருநாளும் சும்மா விட்டதில்லை. அடுத்தவர் லைனில் எவனாவது ஒரு கம்பியை மாட்டிப் பேசிவிட்டால் பில் யாருக்கு வரும், போலீஸ் யாரிடம் வரும்? 2008இல் நீங்கள் இருக்கிற பக்கமே நடந்ததே. ஜூலை 26, அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிஷம் முன்னால் ஒரு மிரட்டல் ஈமெயில் போனது. எங்கிருந்து போனது என்று தேடினால் நவி மும்பை சான்பாடாவில் ஒரு அமெரிக்கர் வீட்டு இணைப்பு. பாஸ்வேர்டு இல்லாத வைஃபை. அந்த மனுஷருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் போலீஸ் அவர் வாசலில்தான் போய் நின்றது. செப்டம்பரில் டெல்லியில் வெடித்தபோது வந்த ஈமெயில் உன் செம்பூரிலிருந்தே போனது, ஒரு கம்பெனியின் வைஃபை வழியாக. அந்தச் செய்தியெல்லாம் படித்தவன், மகளைத் தனியாக (சரி, அதை விடு) மகளை அந்த ஊரில் வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பேன்?

பாஸ்வேர்டு இருந்தால் மட்டும் போதாது. 2016இல் மிராய் என்று ஒரு வைரஸ் பரவியதே, அது பெரிய தந்திரம் ஒன்றும் செய்யவில்லை. அட்மின், 1234 என்று கம்பெனிக்காரன் போட்டு அனுப்புகிற அறுபது சொச்சம் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது. கேமராவும் ரௌட்டரும் லட்சக்கணக்கில் திறந்துகொண்டன. அதே வருஷம் நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாமின் ஒன்பது லட்சம் வாடிக்கையாளர்களுக்கு இணைப்பு தடுமாறியது. கம்பெனி தூரத்திலிருந்து பழுது பார்ப்பதற்காக ரௌட்டரில் திறந்து வைத்திருந்த வழியாகவே ஆட்கள் நுழையப் பார்த்தார்கள். பிரேசிலில் மோடத்துக்குள் புகுந்து முகவரி காட்டுகிற டி.என்.எஸ். அமைப்பையே மாற்றிவிட்டார்கள். பேங்க் பெயரைச் சரியாகத்தான் அடிப்பார்கள், போய்ச் சேருவது திருடன் பக்கத்துக்கு.

டபிள்யூ.பி.எஸ். என்று ஒரு பட்டன் இருக்கும், வைஃபை பாஸ்வேர்டு அடிக்காமலே போனைச் சேர்க்கிற வசதி. அதையும் அணைத்துவிடு. அதற்கு ஒரு எட்டு இலக்க எண்ணும் உண்டு, யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தார்கள். அந்தப் பெட்டி முதல் நாலு இலக்கத்தைத் தனியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது. ஆக முதல் நாலுக்கு 10,000, மீதி மூன்றுக்கு 1,000. மொத்தம் 11,000 தடவை முயன்றால் உள்ளே. 2011 கடைசியிலேயே இது வெளியே வந்துவிட்டது. இன்னும் அந்த வசதியோடு பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

செய்ய வேண்டியது இது. முதலில் கனெக்‌ஷன் கம்பெனிக்குப் போன் போட்டு, இணைப்புப் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு எழுதி வைத்துக்கொள். பின்னால் குண்டூசித் துளை மாதிரி ஒரு ரீசெட் இருக்கும். விளக்கெல்லாம் அணைந்து எரியும்வரை அழுத்திப் பிடி. பழசெல்லாம் போய்விடும். கம்பெனி விவரம் கையில் இல்லாமல் இதைச் செய்யாதே, நெட்டும் போய்விடும். அப்புறம் உன் ஈமெயிலில், உன் போனில் புதிதாகப் பதிவு செய். அட்மின் பாஸ்வேர்டை மாற்று. வெளியிலிருந்து பெட்டியை இயக்கவிடுகிற ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணை. அப்டேட் வந்திருந்தால் போடு. அப்டேட்டே வராத பழைய பெட்டி என்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு, பணம் நான் அனுப்புகிறேன். ஆபீஸ் லேப்டாப்புக்கு ஒரு வைஃபை, வருகிற போகிறவர்களுக்கு கெஸ்ட் என்று தனியாக ஒன்று வை. புது பாஸ்வேர்டில் உன் பிறந்த தேதி வேண்டாம், கல்யாண நாளும் வேண்டாம். பூனைக்குட்டி பெயரும் வேண்டாம், அது தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு டீமையே நடத்துகிறவள் நீ. உன் மேனேஜர் உன்னைப் பாராட்டி எழுதியதை அம்மா தெருவில் பாதிப் பேருக்குக் காட்டிவிட்டாள். எனக்கும் பெருமைதான். ஆனால் ஊருக்கெல்லாம் வேலை முடித்துக் கொடுக்கிறவளுக்கு வீட்டுக்கு ஒரு வார்த்தை பேச நேரமில்லை. “நல்லா இருக்கேன்” என்று மெசேஜ் வருகிறது. அது எனக்குப் போதவில்லை.

எந்தப் பேச்சு வந்தாலும் இங்கே யாரும் உன்னை ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அத்தை கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெட்டியை மாற்றுகிற அன்றே வாசல் பூட்டையும் மாற்றிவிடு. மாற்று சாவியை மாடி வீட்டு மாமியிடம் கொடு, வேறு யாரிடமும் வேண்டாம். அம்மா மும்பை வண்டிக்கு டிக்கெட் போடச் சொல்கிறாள். எந்தத் தேதிக்குப் போடட்டும் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா