காற்றாலைக்குக் கேமரா மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு இரவுக் காவல் பார்ப்பவன் நான். இப்போது கோபுரத்தடியில் கேமரா மாட்டி, எங்கோ நகரத்தில் உட்கார்ந்து கண்காணிக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. உச்சியில் இருக்கும் ஜெனரேட்டரிலிருந்து கோபுரத்துக்குள் இறங்கும் செம்புக் கேபிள்தான் திருடர்களின் குறி. பழுதாகி நிற்கும் பழைய காற்றாலை என்றால் அவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் எங்கள் கேமராவோ கதவை விட்டுவிட்டுப் பாதையைப் பார்த்து நிற்கிறது. ஆடு மேய்க்கும் பெண்கள் அந்தப் பக்கம் வரவே கூசுகிறார்கள்.

ஆடிக் காற்றில் கம்பம் ஆடும், படமும் ஆடும். லென்ஸ் மேல் சிலந்தி வலை கட்டிவிட்டால் இரவில் அகச்சிவப்பு வெளிச்சம் பட்டுத் திரை முழுக்க வெள்ளைதான். விடிய விடிய அலாரம். ஏணி தூக்கித் துடைப்பது நான். (அதற்குத் தனிச் சம்பளமா கேட்கிறீர்கள்?)

கேமராவைக் காட்டி ஆட்களைக் குறைப்பதுதான் உறுத்துகிறது. திரையில் கள்ளனைப் பார்த்தவர் போன் போட்டால் ஓடிப்போக ஒருவன் வேண்டாமா? கோபுரக் கதவுக்கு உள்ளே ஒரு கேமரா, கதவைத் திறந்தால் ஒலிக்கும் சென்சார், கூடவே உள்ளூர்க் காவலர். காற்றாலை உரிமையாளர்கள் இந்தக் காற்று சீசன் முடிவதற்குள் இதைச் செய்ய வேண்டும்.

இரவுக் காவலாளி,
ஆரல்வாய்மொழி.