எண்பதுக்கு மேல் ஏற்றாதே

அன்புள்ள பாப்பா,

நானும் அம்மாவும் நலம். அவளுடைய மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்தது உன் போன் விஷயமாக.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு அனுப்பிய வாட்ஸ்அப்புக்கு ஒற்றை டிக்தான் விழுந்தது. செவ்வாய்க்கிழமைதான் இரண்டானது. ஒற்றை டிக் என்றால் போனுக்கே போய்ச் சேரவில்லை என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். சார்ஜ் நிற்காமல் அணைந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். இராத்திரி முழுக்கச் சொருகி வைக்காதே. எண்பதுக்கு மேல் ஏற்றாதே, இருபதுக்குக் கீழே இறங்க விடாதே. லித்தியம் பேட்டரி எப்போதும் நூறிலேயே நின்றால் சீக்கிரம் தேயும், சூடு பட்டால் இன்னும் சீக்கிரம். இப்போதைய போன்கள் பலவற்றில் எண்பதோடு நிறுத்திக்கொள்ள செட்டிங்கே இருக்கிறது. தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடும் பழக்கத்தை விட்டுவிட்டாயா?

சின்ன வயதில் உன்னிடம் இதற்கு நேர் எதிராகச் சொன்னேன், ஞாபகம் இருக்கும். சுத்தமாகத் தீர்ந்த பிறகுதான் போட வேண்டும் என்று. அது நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்து விதி. உன் முதல் போனில் இருந்ததோ லித்தியம். போனைக் கெடுத்தது நான், திட்டு வாங்கியது நீ.

மாமா தன் லேப்டாப்பைத் தூக்கிப் போடப் போனார். விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டதாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருஷம் ஓடும் என்று நீ எப்போதோ சொன்னதை நம்பி, நானே பென்டிரைவில் ஏற்றிப் போட்டுக் கொடுத்தேன். ஓடுகிறது! 'மகள் சொல்லிக் கொடுத்தது' என்று மூன்று தடவை சொன்னேனாம், அம்மா கேலி செய்கிறாள். யார் யாருக்கோ மென்பொருள் எழுதுகிற மகளுக்கு அப்பாவுக்கு ஒரு வரி எழுத நேரமில்லை என்பதை மாமாவிடம் சொல்லவில்லை. கட்டைவிரல் படம் ஒரு வரி ஆகாது, பாப்பா.

நீ வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது இருந்தாய் என்று காட்டும் லாஸ்ட் சீன் எனக்கு இப்போது தெரிவதில்லை. படித்ததும் விழும் நீல டிக்கும் வருவதில்லை. மறைப்பவருக்கு மற்றவருடையதும் தெரியாது என்கிறார்கள். சரி, நியாயமான ஏற்பாடுதான். லாஸ்ட் சீனைச் சிலருக்கு மட்டும் மறைக்கும் வசதி 2022-லேயே வந்துவிட்டதாம். அந்தச் சிலரில் நானும் உண்டா என்று கேட்கப் போவதில்லை. அண்ணனுக்குத் தெரிகிறது, பேச்சுவாக்கில் சொன்னான்.

ஆனால் குரூப்பில் நீல டிக்கை நிறுத்த முடியாது. அதனால் தினமும் குரூப்பில் ஒரு காலை வணக்கம் போட்டுவிட்டு, அதையே அழுத்திப் பிடித்து, யார் யார் படித்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து பார்க்கிறேன். உன் பெயர் இராத்திரி 11.40-க்கு வரும், 12.15-க்கு வரும். வந்ததும் தூங்கப் போவேன். ஞாயிறும் திங்களும் வரவில்லை. அந்தப் பூப்படங்கள் எனக்கே பிடிக்காது.

ஒளிந்து பார்ப்பது எனக்குப் பழைய வியாதி. நீ காலேஜ் இரண்டாம் வருஷத்தில் இருந்தபோது, குளிக்கப் போன நேரம், மேஜையில் சார்ஜில் கிடந்த உன் போனை எடுத்தேன். நாலு எண் பூட்டு; நீ போடும்போது பார்த்து வைத்திருந்தேன். இருந்ததையெல்லாம் படித்தேன். சாயங்காலம் 'அண்ணன் சொன்னான்' என்று சொல்லித்தான் உன்னைக் கேட்டேன். அவன் எதுவும் சொல்லவில்லை. அவனுக்கு எதுவும் தெரியவே தெரியாது. அப்புறம் ஒரு வருஷம் நீ அவனோடு பேசவில்லை, நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். அம்மாவுக்கும் இது தெரியாது. இந்த வாரம் அவனிடமும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் போன் இன்னும் என் டிராயரில்தான் கிடக்கிறது. நேற்று எடுத்தேன். பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதைச் சார்ஜில் போடக் கூடாது, குத்தக் கூடாது, குப்பையில் போட்டாலும் தீப்பிடிக்கலாம். பழைய பேட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில் நாளைக்குக் கொடுத்துவிடுவேன். மெமரி கார்டை மட்டும் கழற்றி, தாளில் மடித்து, இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. வந்து சேர்ந்ததா என்று எழுது. சார்ஜ், எண்பதுதான்.

அப்பா