குடவோலையைத் தேர்தலாக்க வேண்டாம்: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சமூக அறிவியல் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். மக்களாட்சியின் வேர்களைச் சொல்ல வரும்போதெல்லாம் உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையை இன்றைய வாக்குப்பதிவின் முன்னோடியாகக் காட்டும் வழக்கம் நம்மிடையே ஊறிவிட்டது. கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை.

சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், பொ.ஆ. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்த விதிகளின்படி, வாரியம் எனப்பட்ட ஊர் நிர்வாகக் குழுக்களுக்கு ஆள் எடுக்க, ஊரின் முப்பது குடும்புகளிலும் (வட்டாரங்களிலும்) தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சபையார் அனைவரும் காணக் குலுக்கி, விவரம் ஏதும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்தார்கள். அதை வாங்கும் மத்தியஸ்தன் (நடுவர்) ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். கைக்குள் ஓலையை மாற்றிவிடக் கூடாதென்று அத்தனை முன்னெச்சரிக்கை. இதில் வாக்கு எங்கும் இல்லை, இருப்பது திருவுளச்சீட்டு.

அதனால் அதன் பெருமை குறைந்துவிடாது. பண்டைய கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரிலும் ஐந்நூற்றுவர் அவையைப் பத்துக் குலங்களிலிருந்து குலத்துக்கு ஐம்பது பேராகச் சீட்டு முறையில்தான் நிரப்பினார்கள். பதவிகளைச் சீட்டால் நிரப்புவது மக்களாட்சிக்கும், தேர்ந்தெடுத்து நிரப்புவது சிலராட்சிக்கும் உரியதாகக் கருதப்படுகிறது என்று அரிஸ்டாட்டிலே எழுதிவைத்திருக்கிறார். இன்றைய மாணவருக்குத் தலைகீழாகத் தோன்றும் இந்தக் கருத்துதான் வகுப்பில் உண்மையான விவாதத்தைக் கிளப்பும்.

குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். வரி செலுத்தும் கால் வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதக் கல்வி ஆகியவை வேண்டும். அது பிராமணர் ஊரின் சபை. நிலமற்றவருக்கும் பெண்களுக்கும் பிற சாதியாருக்கும் அங்கே இடமில்லை. ஏதென்ஸும் பெண்களையும் அடிமைகளையும் குடியேறிகளையும் வெளியேதான் நிறுத்தியது. வயது வந்த அனைவருக்கும் வாக்கு என்னும் அரசியலமைப்பின் 326ஆம் உறுப்பு பராந்தகன் கல்வெட்டிலிருந்து நேர்வழியில் வந்ததன்று.

என்னைக் கேட்டால், அந்தக் கல்வெட்டின் உயிர் தகுதியின்மைப் பட்டியலில் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்லர், அவருடைய தாய்மாமன், மாமனார், மருமகன் முதலான உறவினரின் பெயரும் குடத்தில் இடப்படலாகாது. பதவியில் இருந்தவர் மூன்றாண்டு கழியாமல் மீண்டும் வர முடியாது. இவ்வளவு கறாரான விதியைப் பாடத்தில் ஒற்றை வரியில் கடந்துபோவது எனக்குப் புரியவில்லை.

ஆகவே புதிய பதிப்பில் ‘பண்டைய தேர்தல்’ என்ற தலைப்பை நீக்கி, கல்வெட்டின் தகுதி விதிகளையும் கணக்கு விதியையும் அவற்றின் மூலச் சொற்களிலேயே எளிய உரையுடன் ஒரு பக்கம் அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வரலாற்று ஆசிரியர்