அரைநாள்தானே என்று நிறுத்தலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அரைநாள் என்று பள்ளி காலை 10.30க்கே விடுகிறது என்றால் பினாங்கில் சில பெற்றோர் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். வருகைப் பதிவில் அது 'வரவில்லை' என்றுதான் விழும். 30 நிமிடப் பாடவேளை சுருங்கினாலும் பாடம் நடக்கும். 2021இல் ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யூபிஎஸ்ஆர் நீக்கப்பட்ட பிறகு வகுப்புசார் மதிப்பீட்டுக்குத்தான் கனம். அன்று வாய்மொழிப் பயிற்சி வைத்தால் மதிப்பீட்டுப் பதிவில் உங்கள் பிள்ளையின் கட்டம் மட்டும் காலி.

உண்மையான தலைவலி வேன்தான். ஓட்டுநருக்கு முதல் நாளே சொல்லாவிட்டால் வழக்கமான நேரத்துக்குத்தான் வருவார். அதுவரை பிள்ளை புத்தகப்பையைக் கட்டிக்கொண்டு பாதுகாவலர் சாவடி ஓரமாக நிற்கும். பள்ளி வாட்சாப்பில் அனுப்பும் சுற்றறிக்கையை அப்படியே அவருக்குத் தட்டிவிடுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். அழைத்துவர ஆளே இல்லையென்றால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். காய்ச்சல் என்றால் தாராளமாக நிறுத்தலாம், கிளினிக் சான்றிதழோடு.

பெற்றோர் ஒருவர்,
பட்டர்வொர்த்